நான்கு முழம் மண்

அனத்தோலியாவின் கிழக்கே
பேருந்து திரும்பிப் போகும் கடைசி ஊர்.
பிப்ரவரி.
பள்ளிவாசல் தரை சுடவில்லை என்று
கம்பெனி என்னை அனுப்பியது.
தோளில் மீட்டர், பையில் கம்பிச் சுருள்,
தலையில் வழியில் வாங்கிய முக்காடு.

வாசல் மட்டுமே நாலு மாடி உயரம்.
கல்லில் கொடி, கொடிக்குள் பறவை,
பறவையின் அலகில் பாதி தின்ற மாதுளை.
அதற்கும் மேலே ஒரே வரியாய் ஓடிய எழுத்தை
மோதினார் ஹுர்ஷித் விரலால் தொடர்ந்து வாசித்தார்:
உலகின் மணிமுடி, மார்க்கத்தின் தூய்மை,
வென்றவனின் மகள், வெல்பவனின் தாய்...
பதினோரு பட்டம்.
"பெயர்?" என்றேன்.
"ராணியின் பெயரை யாரும் வெட்டவில்லை" என்றார்,
நாளைக்கும் பனி பெய்யும் என்று சொல்வதைப் போல.

பூட்சைக் கழற்றி, காலுறையையும் கழற்றி
வெறுங்காலோடு நடப்பதுதான் என் முதல் சோதனை.
எந்தக் கருவியையும்விடக் குதிகாலுக்கு அதிகம் தெரியும்.
தூண் தூணாய்ப் போனேன்.
எரிந்த இணைப்பு இரண்டு. மாற்றினேன்.
பொடிநடையாய்ச் சூடு ஏறி வந்தது
எல்லா இடத்துக்கும்.
மிஹ்ராபுக்கு இடப்பக்கம், மூன்றாம் தூணடியில் மட்டும்
நான்கு முழத்துக்கு நான்கு முழம்
ஆற்று மீனாய்க் கிடந்தது தரை.

கம்பளத்தைச் சுருட்டச் சொன்னேன்.
சுருட்டினார், மறுக்காமல்.
கல் இல்லை. பலகை.
பலகைக்கடியில் மண்.
என் கையில் இருந்த வரைபடத்தில் நேராய்ப் போகும் கம்பியை
எனக்கு முன் வந்த யாரோ ஒருவன்
இந்த மண்ணைத் தொடாமல் வளைத்துக் கொண்டுபோயிருந்தான்.

வக்ஃபுப் பத்திரத்தில் இருக்கிறதாம்.
இங்கே ஒரு வீடு இருந்தது.
கம்பளி மிதிப்பவன் மகள் ஸரீஃபேயின் வீடு.
விற்கமாட்டேன் என்றாள்.
ராணி அப்போது தெற்கே, மகனுடைய போரில்.
மேஸ்திரிகள் ஓர் இரவில் கூரையைப் பிரித்தார்கள்.
சேதி ராணியை எட்டுவதற்குள்
குவிமாடம் மூடியாகிவிட்டது.

நல்லவளாக இருந்தால் இடித்திருப்பாள் என்று நினைத்தேன்.
கெட்டவளாக இருந்தால் மறந்திருப்பாள்.
அவளோ
அடுப்பு இருந்த இடத்தை அளக்கச் சொன்னாள்.
அதன்மேல் கல் பாவக் கூடாது.
ஆண்டுக்கு ஒரு மூட்டை கோதுமை, ஒரு ஜோடித் தோல் காலணி
ஸரீஃபேக்கும் அவள் வழியில் வருபவர்களுக்கும்,
வாடகை.
அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறாள்.
தர்மம் என்று எழுதவில்லை.

இரவில் தூங்கினாளா, தெரியாது.
பத்திரங்கள் அதையெல்லாம் சொல்வதில்லை.
வாசலில் பதினோரு பட்டத்தோடு பெயரில்லாமல் ஒருத்தி.
இங்கே மண்ணுக்குள் பெயரோடு ஒருத்தி.
கடன் கொடுத்தவளைக் கணக்கு மறப்பதில்லை போலும்.

"இன்னும் வாங்க வருகிறார்களா?"
கடைசிக் கைநாட்டு விழுந்து நூற்றிருபது வருடம் என்றார்.
கோதுமை மாவாகிச் சமையல்கூடத்துக்குப் போகிறது.
"காலணிக்குத்தான் ஆள் தேடவேண்டியிருக்கிறது.
பெண் கால் என்று மட்டும் இருக்கிறது, அளவு இல்லை."
சிவந்து விறைத்த என் காலை
அவர் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டு வந்தார்.
ஆட்கள் வந்து சூட்டில் நின்றார்கள்.
மாவு ஒட்டிய சட்டையோடு ரொட்டிக்கடைக்காரர் ஒருவர்
மூன்று வரிசை தாண்டி வந்து
அந்தக் குளிரின் மேலேயே நெற்றியை வைத்தார்.

படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன்.
சூடேறாத பரப்பு: நான்குக்கு நான்கு முழம்.
பழுது: இல்லை.
காரணம்: இந்த இடம் பள்ளிவாசலுக்குச் சொந்தமானதல்ல.
எப்போதும் கிறுக்கிவிட்டுப் போகிற இடத்தில்
எழுத்துக்கூட்டி எழுதினேன், ஹெதியே என்று.

பேருந்து மலையேறும்போதுதான் தோன்றியது,
சொல்லியிருக்கலாம்.
என் அளவு முப்பத்தெட்டு.